எவ்வளவு மஞ்சள்

ஜவுளிக்கடைப் பைக்குள் இன்னொரு ஜவுளிக்கடைப் பை,
அதற்குள் செய்தித்தாள்,
அதற்குள் நாங்கள் கொடுத்த டப்பா.
மேசையில் வைத்துவிட்டுச்
சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்
ஏற்காடு பஸ் ஓட்டும் பொன்னுரங்கம்.
எல்லோரும் அப்படித்தான்.
ரத்தம் கொடுக்கத் தயங்காமல் நீளும் கை
மலத்தைக் கொடுக்கும்போது
வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.

"மூலந்தாங்க. இன்ஜின் சூடு.
இருபது வருசமா அது பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."
படிவத்தில் அந்த வார்த்தையையே எழுதினேன்.
மூலம் என்றால் தொடக்கமும்தான்.
அதைத் தேடத்தான் இந்த டப்பா என்று
சொல்லவில்லை.

சனிக்கிழமை மட்டும்தான் இந்தப் பரிசோதனை.
அஸ்தம்பட்டியில் மாடியறை. ஏசி பாதி வேலை செய்யும்.
பட்டாணி அளவு எடுத்துக் கரைத்து
ஒரு நொதியைத் தேடுகிறேன்.
சர்க்கரையை உடைத்து
உடம்புக்கு விறகாக்கித் தருகிற ஒன்று.
ஒழுங்கான செல்லில் நான்கு நான்காய்க் கைகோத்து நிற்கும்.
பெருகுவதைத் தவிர வேறு நினைப்பில்லாத செல்லில்
இரண்டிரண்டாய்ப் பிரிந்துவிடும்.
பிரிந்தவை குடல் வழியே நழுவி
இப்படி ஒரு டப்பாவில் வந்து சேரும்.

அதைக் காட்டிக்கொடுப்பதும் இன்னொரு நொதிதான்,
முள்ளங்கிக்கு உறவான ஏதோ சீமைக் கிழங்கில் எடுத்தது.
நிறமில்லாத நீரை அது தொட்டதும் நீலம்.
மேலே கொஞ்சம் அமிலம் விட்டால் மஞ்சள்.
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு இருக்கிறது.
மஞ்சளை மங்கலம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்
பதினோரு வருடமாக
அது வெளிறிப்போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நான்கு வரைக்கும் சரி என்கிறது கையேடு.
அவருடையது நான்கு புள்ளி மூன்று.
மறுபடி ஓட்டினேன்.
மூன்று புள்ளி ஒன்பது.
மறுபடி, மிச்சமிருந்த கடைசிக் குழியில்.
நான்கு புள்ளி ஒன்று.
குழி உடைந்துபோனதாக முதலாளியிடம் சொன்னேன்.
வெறும் வீக்கத்துக்கும் இப்படிக் காட்டும்,
வயிற்றுப்போக்குக்கும்.
ஒன்றுமே இல்லாமல் காட்டியதும் உண்டு.
இருந்தும் காட்டாமல் விட்டதும்.
குடலுக்குள் பார்ப்பது நல்லது என்று தட்டி
நூர்ஜகான் டாக்டருக்கு அனுப்பினேன்.

ஞாயிறு, மலையில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம்.
அடிவாரம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்,
ஸ்டியரிங்கில் அவர்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்,
அவர் காலண்டரைப் பார்த்த மாதிரி.

முதல் கொண்டை ஊசி. இரண்டு. மூன்று.
குடலும் கல்லீரலுக்குக் கீழே ஒருமுறை திரும்பும்,
மண்ணீரல் பக்கம் ஒருமுறை.
எந்தத் திருப்பத்தில் இருக்கிறதோ,
இருக்கிறதா என்பதே
விளக்கு வைத்த குழாய் போய்ப் பார்த்தால்தான்.
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தார்.
அந்தப் பக்கமிருந்து பதில் வந்தால்
பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தார்.

பதினோராவது வளைவில்
இறங்கி வந்த காபிக்கொட்டை லாரிக்கு ஒதுங்கி நிறுத்தினார்.
திரும்பினார்.
"மேடம், ஒண்ணு கேக்கணும்."
டாக்டர் சொல்வாங்க என்பது
நாக்கில் தயாராக இருந்தது.
"அந்தப் பெரிய பை இருக்கா?
பொண்ணுக்குப் பட்டெடுத்தப்ப குடுத்தது.
வூட்ல தேடிட்டே இருக்கா."

இருக்கு என்றேன்.
நேற்றே மஞ்சள் உறையில் போட்டு
எரிக்க அனுப்பியாயிற்று.
"செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கறேன்."
கியர் விழுந்தது. பன்னிரண்டு. பதிமூன்று.

இறங்கியதும் அந்தக் கடைக்குப் போக வேண்டும்.
ஒரு கைக்குட்டை வாங்கலாம்.
கைக்குட்டைக்கு அவ்வளவு பெரிய பை
தருவார்களா, தெரியவில்லை.